பதினோரு பேரும் ஒரே சாதி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களுக்கு வாசல் ஆணியில் தொங்கும் அலுமினியக் குவளை. குடித்தவர்களே கழுவி மாட்ட வேண்டும். மொத்தம் மூன்று குவளை. எதையும் எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, கல்லூரி மாணவர்கள் பதினோரு பேர் அந்த மூன்றையும் கழற்றி, ரோட்டில் உட்கார்ந்து மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தோம். பத்துப் பேர் கிளாஸ்காரர்கள். ஒருவன் மட்டும் காலனி. விடுதியில் தங்கிப் படித்தவன். யோசனை அவனுடையது. ஆறாவது ஆள் குடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. எனக்கு முதுகில் நான்கு அடி, அதற்குக் கீழே மூன்று. அவன் குவளைகளை விடவில்லை. அவனுக்கு விழுந்ததை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு சாதி கேட்டார். கிளாஸ்காரன் என்றால் திட்டி அனுப்புவார்கள். காலனிக்காரன் என்றால் குவளை திருடிய வழக்கு. வழக்கு விழுந்தால் விடுதியும் போகும், படிப்பும் போகும். ஆகவே பதினோரு பேரும் அவன் சாதியையே சொன்னோம்.

ஏட்டு பேனாவை வைத்தார். "ஏலே, பதினோரு பேருக்கும் ஒரே அப்பனா?"

"அம்மாமாரு வேற வேற, ஏட்டையா" என்றான் அவன், வீங்கிய உதட்டோடு. இன்னோர் அடி விழுந்தது. அதையாவது எண்ணினேன்.

இன்ஸ்பெக்டர் விவரமானவர். "எதுக்குவே கை வலிக்க அடிக்கீரு? அப்பன்மாரு வருவாவ, பொறும்" என்று வெற்றிலை போட்டார்.

வந்தார்கள். மதியம் என் அப்பா, பருத்தி வியாபாரி, கடம்பூர் போளியோடு வந்தார். ஆறு போளி.

"ஐயா, இவன் எம் மவன்."

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்: "இவிய சொல்லுதது நெசமாலே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். எனக்கு முன்பே மூன்று பேர் போயிருந்தார்கள். அந்த மூன்றை இன்றுவரை சாக்காக வைத்திருக்கிறேன்.

அப்பா அதே கடையில் நிறுத்தினார். "டீயக் குடில. மொகமே வெளிறிட்டு." கண்ணாடி கிளாஸ். ஏழு மடக்கில் குடித்தேன்.

நாலு மணிக்குள் மற்ற ஆறு அப்பாக்களும் வந்துபோனார்கள். அவனுடைய அப்பா விளாத்திகுளம் பக்கம் மிளகாய் பறிக்கப் போயிருந்தார், தகவல் எட்டவில்லை. அதன்பின் ஏட்டு யாரிடமும் சாதி கேட்க வேண்டியிருக்கவில்லை.