ஏலம் எடுத்த மரம்

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் நடுச்சாலையில் ஓர் அம்மா கை நீட்டிப் பேருந்தை நிறுத்துகிறார். சாலையோரப் புளியமரத்தை உலுக்குகிறார்கள். பழம் சடசடவென விழுகிறது. ஓட்டுநர் இஞ்சினை அணைக்கிறார். நான் இறங்கி அந்த அம்மாவிடம் போகிறேன்.

"மரம் யாருதுங்க?"

"இந்த வருசம் என்னுதுங்க. பத்து வருசமா இதுக்கடியில கூலிக்குப் பொறுக்குனேன். இந்தவாட்டி நானே ஏலம் எடுத்துட்டேன்."

அண்ணாந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்கும் உயரத்தில், ஒருவர் கிளையை மிதித்து ஆட்டுகிறார்.

"அவரு?"

"எங்க வூட்டுக்காரருங்க. எங்கிட்ட கூலிக்கு வந்திருக்காரு."

மேலிருந்து அவர் கேட்கிறார்: "டீ குடிச்சிட்டு வந்துரட்டுமா?"

அந்த அம்மா மரத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்கிறார்.

"அந்தக் கெளைய முடிச்சிட்டு எறங்குங்க."

கிளை மறுபடி குலுங்குகிறது. பேருந்து முழுவதும் அந்த அம்மாவின் நீட்டிய கை இறங்கக் காத்திருக்கிறது.