வெட்டுப்பட்ட ராஜா

என் வீட்டுக்காரருக்கு அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் படம் எடுக்கும் வேலை. உயிருள்ள ஆளை எடுக்கச் சொன்னால் கை உதறும். காசு என்றால் சோறு தண்ணீர் மறந்துபோகும். வெளிச்சம் மேலே பக்கவாட்டிலிருந்துதான் விழ வேண்டுமாம். "கீழேருந்து அடிச்சா மூக்கு குழியாத் தெரியும். ராஜா மூஞ்சி சோப்புப் பெட்டி ஆயிடும்" என்பார்.

என்னை மட்டும் அவர் நேராக எடுத்ததில்லை, நான் விட்டால்தானே! சின்ன வயதில் கண்ணாடிக் கதவில் மோதி, கன்னத்தின் குறுக்கே நீளமாக ஒரு தழும்பு. கல்யாணப் படத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன். வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பும் மகள், "ஒரே ஒரு போட்டோம்மா, உன் முழு முகத்தோட" என்று கெஞ்சினாள். எரிந்து விழுந்தேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அழுதாள்.

மறுநாள், வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அருங்காட்சியகத்துக்குப் போனேன். கறுப்புத் துணிமேல் ஒரு ரோமானியப் பொற்காசு.

"தொடாம பாரு" என்று திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பின்பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் கோல், மறுகையில் இலைக்கொத்து. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் அவள் ஆடையின் மடிப்புகூடத் தெரிந்தது. இரண்டாயிரம் வருஷத்துக் காசு, நேற்று அடித்தது மாதிரி! முன்பக்கம் இலைக்கிரீடம் வைத்த ராஜா. அந்த ராஜாவின் கன்னத்துக்குக் குறுக்கே ஓர் உளி வெட்டு.

"யாருங்க இப்படிப் பண்ணது?"

"யாருக்குத் தெரியும்? உள்ளேயும் தங்கம்தானான்னு பாத்திருப்பாங்க. கண்காட்சி போஸ்டர்ல வெட்டு தெரியக்கூடாதாம், மேலதிகாரி உத்தரவு."

விளக்கை நேரெதிரே கொண்டுவந்தார். வெட்டு மறைந்தது. கூடவே மூக்கும் உதடும் மறைந்து, வெறும் மஞ்சள் தகடு மிஞ்சியது. மறுபடி பக்கவாட்டில் வைத்தார். வெட்டோடு சேர்ந்து ராஜா எழுந்து வந்தார். வெட்டின் ஆழத்திலும் அதே தங்கம். என் கன்னத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தேன்.

"இப்படியே எடுங்க."

"அப்படித்தான் எடுக்கப் போறேன். திட்டுனா வாங்கிக்கறேன்."

எடுத்து முடித்துக் காசைப் பெட்டியில் வைத்தார். நான் போய் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தேன். மனிதருக்குக் கை உதற ஆரம்பித்தது. தழும்பு தெரியாதிருக்க, எனக்காக விளக்கை நேரெதிரே நகர்த்தினார்.

"பக்கவாட்டுலயே வைங்க" என்றேன். "நம்ம பொண்ணு கேட்டது என் மூஞ்சிய. தகட்ட இல்ல."