அறுப்பு மெஷினில் பரீட்சைக்குப் போன அக்கா

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் ஒவ்வொருவரும் எங்கள் அக்காவை ஏதோ ஒரு விதத்தில் அறிவீர்கள். என் நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவற்றில் ஒரு காலைப்பொழுது இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் இப்போது திறந்து வைத்திருக்கிறேன்.

அக்கா கேரள எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் மூன்று வயது இளையவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் இருந்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வணிகவியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில், அக்காவைக் கட்டிக்கொண்ட மாமாவின் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணம் நடந்தது. மகளுக்குப் பத்து வயதானபோது மாமா காலமானார். நான்கு ஏக்கர் நெல்லையும் மகளையும் அக்கா ஒருவராகவே பார்த்துக்கொண்டார். மகள் வேலைக்குப் போன பிறகு, தமது நாற்பத்தேழாவது வயதில், அதே கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்து நின்ற இடத்தில் பி.காம். படிக்க விண்ணப்பம் போட்டார்.

“இந்த வயசுல எதுக்குங்கக்கா?” என்று கேட்டேன்.

“அப்பக் கல்யாண வயசுன்னாங்க. இப்ப வயசு போச்சுங்கற. படிக்கற வயசு எதுன்னு உன்ற டைரியில எழுதியிருக்குதா, பாரு.”

எழுதியிருக்கவில்லை.

முதல் நாள் அக்கா வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்த பிள்ளைகள் அதுதான் அங்கே விதி என்று நினைத்துத் தாங்களும் கழற்றினார்கள். ஒரு வாரம் வாசல் முழுக்கச் செருப்பு. காலை ஜெபம் முடிந்து வந்த கணக்குப் பதிவியல் ஆசிரியை, ஒரு கன்னியாஸ்திரீ, திகைத்துப்போனார்.

“இது ஜெபம் பண்ற சேப்பல் இல்லைம்மா, கிளாஸ்ரூம்.”

“படிக்கற எடமுங்க சிஸ்டர். செருப்போட எப்படிங்க வர்றது?”

மூன்று ஆண்டுகளும் அக்கா வெறுங்காலோடுதான் பற்று வரவு படித்தார்.

கடைசிப் பருவத்தில் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை என்றார். “ஒரே ஒரு பேப்பர் மிச்சமுங்க டாக்டர். அதை எழுதிப்போட்டு வந்துர்றனுங்க” என்று அக்கா கேட்டுக்கொண்டார். பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை என்று முடிவானது. அந்தப் பேப்பரைத் தவறவிட்டால் அடுத்த முறை என்று ஒன்று உண்டா என்று மருத்துவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இங்கேதான் என் தவறு வருகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் மலையாளக் காலண்டரும் தமிழ்க் காலண்டரும் பக்கம் பக்கமாகத் தொங்கும். சில மாதங்களில் இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரும். நெல் விவசாயிகள் சமிதியின் செயலாளர், அறுப்பு மெஷின் கும்பம் பன்னிரண்டில் வரும் என்றார். கும்பம் என்றால் நம் மாசிதானே என்று நான் தமிழ்க் காலண்டரைப் பார்த்து மாசி பன்னிரண்டில் குறித்துக்கொண்டேன். என் கணக்கில் அது பரீட்சைக்கு முந்தின நாள். அன்று மெஷின் வரவில்லை. சொன்ன நாளில் மெஷின் வந்த சரித்திரம் எங்கள் ஊரில் இல்லாததால், நான் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு ஹால் டிக்கெட்டோடு அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். வண்டி வளைவில் திரும்பியதும் எதிரே அறுப்பு மெஷின், பாதை நிறைய நின்றது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வேலி. சைக்கிள்கூடப் போகாது. மெயின் ரோட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். பஸ் எட்டு பத்துக்கு. அக்காவால் நூறு அடிக்கு மேல் நடக்க முடியாத நிலை.

“என்னடா தம்பி, நேத்தே வரோணும்னு எழுதி வெச்சிருந்தியே?” என்றார் அக்கா. மலையாளக் கணக்கில் அன்றுதான் கும்பம் பன்னிரண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மெஷின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். எட்டிப் பார்த்து, “பரீட்சையா? யாருக்கு?” என்றார்.

“எனக்குத்தானுங்க.”

அவர் கூண்டுக் கதவைத் திறந்தார். பிறகு கையை நீட்டினார். “ஏறுங்க அக்கா. ஆட்டோவுல வந்தா மெஷின் மறைச்சுக்கும், பஸ் நிக்காது. ரிவர்ஸ்லயே ரோடு வரைக்கும் விட்டர்றேன்.”

நான் வேலியோரம் நுழைந்து மெஷினுக்குப் பின்னால் போய், துண்டை வீசிக்கொண்டு, “வரட்டும், வரட்டும், வாய்க்கா, வாய்க்கா!” என்று கத்தியபடி ஓடினேன். மேலே டிரைவரின் கூண்டில், புடவைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டு அக்கா. இஞ்சின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

“ஏனுங் தம்பி, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்குது? மெஷின் சும்மா நின்னாலும் உங்களுக்குச் சம்பளம் உண்டுங்களா?”

“சாப்பாடும் உண்டுங்க!”

எட்டு ஒன்பதுக்கு ரோட்டைத் தொட்டோம். பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, “சேச்சி, எந்தா இது, கொய்த்து மெஷினிலோ வரவு?” என்று மலையாளத்தில் கேட்க, பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே ஏறினார். மெஷினுக்கு வரப்புக் காட்ட நான் வயலுக்குத் திரும்பினேன்.

மாலையில் அக்கா சொன்னார். நிலையான செலவையும் மாறும் செலவையும் உதாரணத்தோடு விளக்கு என்று ஒரு கேள்வி வந்ததாம். டிரைவரின் சம்பளம், சாப்பாடு, டீசல் என்று அறுப்பு மெஷினையே எழுதிவிட்டாராம். வெட்கத்தில் நான் என் நாட்குறிப்பின் தவறான பக்கத்தைக் கிழிக்கப் போனேன்.

“கிழிக்காதடா. கணக்குல தப்பு வந்தா அழிக்கக் கூடாது. தப்பு அப்படியே இருக்கோணும். அதுக்குன்னு தனியாத் திருத்தப் பதிவு போடோணும். இதுகூடத் தெரியாம என்ன டைரி எழுதற?”

முடிவு வந்தபோது அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். மகள் செல்போனில் பார்த்து, “அம்மா, முதல் வகுப்பு!” என்று கத்தியதில் நர்ஸ் ஓடி வந்தார். பட்டமளிப்பு நாளில் அக்கா மேடைப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார். அவரைக் கைபிடித்து ஏற்ற வந்த சிஸ்டரும், அதைப் பார்த்துத் தம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அதன்பின் பதினோரு மாதம் அக்கா எங்களோடு இருந்தார். சமிதியின் கணக்குகளை அவர்தான் எழுதினார். கடைசி வாரத்தில்கூட ஒரு கூட்டலில் என் பிழையைக் கண்டுபிடித்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சிஸ்டருக்கும், வகுப்புத் தோழர்களான அந்தப் பிள்ளைகளுக்கும், பஸ் கண்டக்டருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மெஷின் டிரைவர் தம்பியின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. இந்த மலரில் ஒரு பிரதியை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா காலமான நாளின் பக்கத்தில் “அக்கா போய்விட்டார்” என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதை நான் கிழிக்கவில்லை. அதற்கு நான் போடும் திருத்தப் பதிவு இது.