அக்காவுக்கு வந்த ஓர் அழைப்பு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய கணவர் என்னிடம் சொல்லி நான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நல்லதை மட்டும் எழுதினால் பக்கம் எளிதாக நிறைந்துவிடுகிறது. ஆனால் அதைப் படிக்க எனக்கே கூசுகிறது. ஆகவே இதில் நான் செய்த ஒரு தவறும் வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது விழுப்புரத்தை அடுத்த கெடாரில். அப்பாவுக்கு மூன்று ஏக்கர். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அப்பா கிணற்றருகே மோட்டார் கொட்டகை கட்டியபோது அக்காவுக்குப் பதினைந்து வயது இருக்கும். "கதவ உள்பக்கம் வச்சா மோட்டார்ல இடிக்கும்பா" என்று கொத்தனார் முன்பாகவே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவு இடித்தது. மறுவாரம் அதைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினார்கள். அதற்குப் பிறகு அப்பா மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போடுவதானாலும் அக்காவைக் கேட்டுத்தான் போட்டார். பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவில் அவரைச் சேர்த்ததும் அப்பாதான்.

படிப்பு முடிந்து விழுப்புரத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குப் போனார். பிறகு திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டார். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். மகள் பிறந்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டார். மகள் நடக்கத் தொடங்கியபோது ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சமையலறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். திண்டிவனத்தில் இருந்த பொறியாளர் அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்.

"வீட்லருந்தே போட்டுத் தர்றேன் சார்" என்பாராம்.

"சமைச்சிக்கினு, கொழந்தைய பாத்துக்கினு எங்கம்மா பிளான் போடுவீங்க?" என்று ஒருவர் கேட்டாராம். அவரே ஒரு கடைக்குப் பின்னால் கட்ட வேண்டிய கழிவறைக்கு வரைபடம் போடச் சொன்னார். அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு இடத்துக்கே போய் அளந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் முக்கால் அடி உள்ளே வந்திருந்தது. அதைச் சொல்லாமல் கட்டியிருந்தால் கடைக்காரர் இடிக்க நேர்ந்திருக்கும். அந்தப் பொறியாளர் கடைசிவரை அக்காவுக்கு வேலை கொடுத்தார்.

ஒரு வேலை வந்தால் அக்கா உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு நாள் யோசித்துத்தான் பதில் சொல்வார். சரி என்றால் சொன்ன தேதியில் வரைபடம் போய்ச் சேரும். முடியாது என்றால் அதையும் அன்றே சொல்லிவிடுவார். எந்தப் பொறியாளருக்கு எது பிடிக்கும், யார் எதைப் பிறகு மாற்றச் சொல்வார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இப்படித்தான், சம்பளமோ பதவியோ இல்லாமல், அக்கா தமக்கென ஒரு தொழிலை உண்டாக்கிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அதைத் தொழில் என்று நினைக்கவில்லை. அப்படி நினைக்காதவர்களில் முதல் ஆள் நான். கல்யாண வீட்டு வேலைக்கு மூன்று நாள் முன்னதாக வரச்சொல்வது அக்காவைத்தான். என் பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் அக்காதான் வர வேண்டும். "நீ வீட்லதானே இருக்கே" என்று அவரிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா ஏற்கெனவே காலமாகிவிட்டார். நானும் என் மனைவியும் விழுப்புரத்தில் ஆளுக்கொரு அலுவலகத்துக்குப் போகிறவர்கள். மருத்துவமனை வராந்தாவில் அக்காவிடம் பேசினேன்.

"அக்கா, அப்பாவ நீ திண்டிவனத்துக்குக் கூட்டிக்கினு போயிடு. நீ வீட்லதானே இருக்கே. நான் வாரா வாரம் வர்றேன்."

"வீட்லதான்டா இருக்கேன். வேலையில இருக்கேன்" என்றார்.

"கம்ப்யூட்டர்தானேக்கா. நடுவுல நடுவுல பாத்துக்கலாம்."

அக்கா எழுந்து துணிகளைப் பையில் அடுக்கினார். அப்பாவை அழைத்துக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பொறியாளர்தான் அக்காவுக்குப் பாதிக்கு மேல் வேலை கொடுத்துவந்தார். அடுக்குமாடி ஒன்று தொடங்கியிருந்தது. அக்கா அவ்வளவு பெரிய வேலையைச் செய்வது அதுதான் முதல் முறை.

ஒரு சனிக்கிழமை காலை நான் போயிருந்தேன். அக்காவின் கணவர் பணிக்குப் போயிருந்தார்; மகள் டியூஷனில். குளியலறையில் அப்பா வழுக்கிச் சாய்ந்துவிட, நானும் அக்காவும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அடி ஒன்றும் இல்லை. அக்கா அப்பாவுக்குச் சோப்பு போடத் தொடங்கினார். மேசைமேல் அக்காவின் போன் அடித்தது.

"யாருன்னு பாருடா. பத்து நிமிஷத்துல கூப்புடறேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

எடுத்தேன். புதுச்சேரிப் பொறியாளர். அடுத்த மாடியின் வரைபடம் திங்கட்கிழமைக்குள் வேண்டும், மேடத்திடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் சொன்னது இது: "சார், எங்கப்பா இங்க முடியாம கெடக்கறாரு. அக்காவுக்கு இனிமே இதெல்லாம் தோதுப்படாது. வேற ஆள பாத்துக்குங்க."

"அப்படிங்களா? சரிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

எனக்கு யார்மேல் அவ்வளவு கோபம் என்று அப்போது தெரியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டியவன் நான் என்கிற உறுத்தல்தான் அப்படி வெளியே வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அக்காவின் பாரத்தைக் குறைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையானால் அக்காவிடம் சொல்லியிருப்பேன். "யாருடா?" என்று கேட்டபோது, "லோன் வேணுமான்னு எவனோ" என்றேன். அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்தும் விட்டேன்.

புதுச்சேரி வேலை நின்றது. அக்கா இரண்டு முறை அவருக்குப் போன் செய்தார். "வேல வந்தா சொல்றேம்மா" என்பதோடு அவர் முடித்துக்கொண்டாராம். வீட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள், அந்த அம்மாவை ஏன் சங்கடப்படுத்துவது என்று அவர் நினைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் நான் போனபோது கூடம் முழுக்கக் காகிதம். அவருக்குப் போட்டுக்கொடுத்த வரைபடங்களையெல்லாம் அச்செடுத்துத் தரையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்டா. இல்லன்னா அவரு விட மாட்டாரு" என்றார்.

மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்தன. நான் குனிந்து ஒரு தாளின் முனையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஒவ்வோர் அளவாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு படிக்கட்டின் அளவு அரை அங்குலம் பிசகியிருந்தது. அதைச் சிவப்பில் வட்டமிட்டு, "இதான்" என்றார்.

"இருக்கும்க்கா" என்றேன்.

இந்த ஒரு சொல்லை எழுதத்தான் எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அப்போதுதான் நான் விழுப்புரத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்தேன். வரைபடம் அக்கா போட்டது. கட்டும்போது அப்பாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு முறை பேருந்தேறி வந்தார். இரண்டு முறையும் படிக்கட்டைத்தான் அளந்தார்.

அப்பா அதன் பிறகு ஒன்றரை ஆண்டு இருந்தார். படுக்கைப்புண் வராமல் அக்கா பார்த்துக்கொண்டார். வாரா வாரம் வருவதாகச் சொன்ன நான் மாதம் ஒரு முறை போனேன்.

புதுச்சேரி வேலை நின்ற அடியிலிருந்து அக்கா மீண்டார். அதற்குப் பிறகு எந்த ஒருவரையும் முழுவதுமாக நம்பித் தொழிலை வைத்துக்கொள்ளவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஆள் பிடித்தார். பின்னாளில் சிங்கப்பூரிலிருந்தும் வேலை வந்தது. கட்டடப் படிப்பு படித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்த இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் திண்டிவனம், ஒருவர் கோலியனூர். அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். காலை பத்து முதல் ஒன்று வரை அக்காவின் அறைக்கதவு சாத்தியிருக்கும். வேலைக்கென்று தனி போன் வாங்கிக்கொண்டார். அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார்; குளிக்கப் போகும்போதுகூட அலமாரியில் வைத்துப் பூட்டுவார். "இன்னாக்கா, கலெக்டர் ஆயிட்டியா?" என்று நான் கேலி செய்தேன். அக்கா சிரித்தார்.

சென்ற ஆண்டு கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்று படிவம் நிரப்பிய செவிலியர், "என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். "வீட்லதான் இருக்காங்க" என்றேன். கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறந்து, "பில்டிங் பிளான் போடறேம்மா. சொந்தமா" என்றார். செவிலியர் நான் சொன்னதை அடித்துவிட்டு அதை எழுதினார்.

நான்காம் நாள், வேலை கொடுத்திருந்த எல்லோரையும் தாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். போனைப் பிடிக்கக் கையில் வலு இல்லை. நான்தான் அவர் காதருகே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் உடம்பு நிலையைச் சொல்லி, கையிலிருக்கும் வேலையை இந்தப் பெண்கள் இன்ன தேதியில் முடித்துத் தருவார்கள் என்றார். கடைசியாக, "அதுக்கப்பறம் வேற ஆள பாத்துக்குங்க சார்" என்றார். ஏழு பேரிடம் அப்படிச் சொன்னார். ஏழு முறையும் போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

முடிந்ததும், "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"தண்ணி வேணுமாக்கா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குடு" என்றார். குடித்தார். பதினெட்டாம் நாள் அக்கா காலமானார்.

காரியத்துக்குப் புதுச்சேரிப் பொறியாளர் வந்திருந்தார். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் குணத்தைச் சொல்வதற்காக ஒரு சம்பவத்தைச் சொன்னார். என் குரல் அவருக்கு நினைவில்லை.

"நடுவுல ஒரு ஆறு மாசம் வேல குடுக்காம இருந்தேங்க. ஒருநாள் ஆபீசுக்கே வந்துட்டாங்க. கையில பழைய டிராயிங். 'இந்தப் படிக்கட்டுதானே சார்?'னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. 'தப்பே இல்லம்மா, அரை இன்ச்சு செவுத்துப் பூச்சுலயே சரியா போயிடுச்சு. உங்க வீட்லருந்துதான் வேணாம்னாங்க'ன்னேன். அப்படியே உக்காந்துட்டாங்க. 'போன்ல ஒரு ஆம்பள கொரலு'ன்னு ஆரம்பிச்சேன். கைய காட்டி நிறுத்திட்டாங்க. 'யாருன்னு வேணாம் சார். தெரிஞ்சா நான் வீட்டுக்குப் போய் அந்த மொகத்த பாக்கணும்'னாங்க. மறுபடியும் வேல குடுத்தேன். வாங்கிக்கினாங்க. ஆனா அளவாத்தான் எடுப்பாங்க."

அந்த வீட்டில் புழங்கிய ஆண்கள், என்னையும் சேர்த்து, மூன்று பேர். அப்பாவால் போனை எடுக்க முடியாது. அக்காவின் கணவர், அக்காவின் வேலைக்குப் போன் வந்தால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர். அக்காவுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியுமா? அதற்குப் பிறகு எட்டுப் பொங்கலுக்கு எனக்குச் சோறு போட்டார். என் பிள்ளைக்குக் காது குத்தியபோது சீர் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

அன்று பந்தலில் அந்தப் பொறியாளரிடமும் நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த நாட்களில் அக்காவின் கணவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த திண்டிவனம் தெருக்காரர்களுக்கும், கெடாரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நின்றுபோன மூன்று வரைபடங்களை அக்கா சொன்ன தேதியிலேயே முடித்துக்கொடுத்த அந்த இரண்டு பெண்களுக்குக் கைகூப்புகிறேன். புதுச்சேரிப் பொறியாளருக்கு இந்த மலரை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நிறைவாக, அக்காவின் மகளுக்கு நன்றி. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவளிடம் காட்டினேன். அவள் முதலில் இருந்து கடைசி வரை படித்தாள். மறுபடியும் ஒரு முறை படித்தாள்.

பிறகு, "போடுங்க மாமா. ஆனா அம்மா உங்கள மன்னிச்சிட்டாங்கன்னு மட்டும் எழுதாதீங்க. அது நமக்குத் தெரியாது" என்றாள்.

எழுதவில்லை.