துணி பத்தாது

தையல்காரனுக்கு இரண்டு பொய் இல்லாமல் பிழைப்பு ஓடாது: ஒன்று "நாளைக்கு வாங்க", இன்னொன்று "துணி பத்தாது". முதல் பொய் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது பொய்யால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கீழே கிடக்கும் ஆணி, மூடி, கயிறு எதையும் தூக்கிப் போட மனசு வராமல் வீட்டில் ஏச்சு வாங்குகிற ஆசாமிகளே, இது உங்களுக்குத்தான். நீங்கள் தனியாள் இல்லை.

ஐந்தாவது டின்

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் குருண் என்ற ஊரில் எனக்குப் பலகையால் அடித்த ஒரு தையல் கடை, ஒரு மிதி மெஷின். அதைச் சுற்றி நான் பொறுக்கி வந்த சாமான். உடைந்த குடைக்கம்பி, லோரி டயர்த் துண்டு, நூல் தீர்ந்த கட்டை, ஒற்றைக் கொலுசு. கையில் எடுத்தால் வளைத்துப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், 'இது என்னத்துக்கு ஆகும்?' என்று அரை நாள் யோசிப்பேன். ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்த பிறகும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பேன். அப்படி நான்கு டின் நிறைந்திருந்தது.

மெஷினுக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு பெரிய டின். அது மட்டும் பூட்டியிருக்கும். இப்போது ஒளித்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். வாடிக்கைக்காரர் துணியில் மிஞ்சும் நல்ல துண்டெல்லாம் அதற்குள்தான் போகும். பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி ரவிக்கைக்கு ஒன்றரை கெஜம் கொண்டுவந்தால், "பத்தாதும்மா, இன்னும் கால் கெஜம் வேணும்" என்பேன். அந்தக் கால் கெஜம் டின்னுக்குப் போய்விடும். விற்பதற்கு இல்லை, சத்தியமாக இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் திறந்து, பூப்போட்ட துண்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட துண்டை வைத்துப் பார்ப்பேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் சிவப்பே வேறு மாதிரி தெரியும். அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உடுத்தினால் ஊரார் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் ஒன்றும் தைக்கவும் முடியாது. என் மனைவி காமாட்சி ஒரு நாள் டின்னை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"திருடுறதுதான் திருடுறீங்க, பொண்டாட்டிக்கு ஒரு ரவிக்கைக்காவது ஆகுதா?"

ஒரு புடவை, இரண்டு பேர்

ஜப்பான்காரன் வந்தான், கடைத்தெருவில் துணி என்பதே இல்லாமல் போயிற்று. ஆம்பிளைகள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்போதுதான் அந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அஞ்சலையக்கா என் கடைக்கு வந்தாள். வீட்டுக்காரரை சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அவளும் வயசு வந்த மகள் பாக்கியமும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு புடவை.

விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்தால்தான் அந்த ஆளுக்கு அரிசி. அம்மா புடவையைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். பாக்கியம் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாக்கு உரசி இடுப்பெல்லாம் புண். மூன்று மாதமாக அவள் வாசலுக்கு வரவில்லை. ஒரு ஆள் அரிசியில் இரண்டு வயிறு. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே என் வாய் பழக்கதோஷத்தில், "துணி ஏதுக்கா?" என்றது. என் கால், மெஷினுக்கு அடியில் இருந்த டின்னை இன்னும் உள்ளே தள்ளியது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அஞ்சலையக்கா போகும்போது சொன்னாள்:

"புடவை கேக்கல தம்பி. அவ பெரட்டுல நின்னு தன் பேரைச் சொல்ற அளவுக்கு ஏதாச்சும் இருந்தாப் போதும்."

டயரிலிருந்து நூல்

துணியை விடுங்கள், நூலே இல்லை. தைக்கலாம் என்று மனசு சொன்னாலும் எதைக் கொண்டு தைப்பது? ஒரு மத்தியானம் இரண்டாவது டின்னிலிருந்த லோரி டயர்த் துண்டைச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தேன். ரப்பருக்குள்ளே கித்தான் துணி. கித்தானை உரித்தால் வரிசை வரிசையாக நூல்! எத்தனை வருஷம் அதை மோந்து பார்த்திருக்கிறேன், உரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். முறுக்கைப் பிரித்து, மெல்லிசாக்கி, மெழுகு தடவி, காலிக் கட்டையில் சுற்றினேன். என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு மெஷின் ஊசி. அது உடைந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஊசி தாங்கியது.

முதலில் மாட்டுவண்டிக்கார முத்தையாவின் பழைய சட்டைக்குத் தையல் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து, தோள்பட்டையிலிருந்து முழங்கைவரை தெரிய வந்து நின்றார்:

"சட்டை பூராக் கிழிஞ்சு போச்சுண்ணே, உங்க தையல் மட்டும் அசையல. இனிமே அதைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியணும் போலருக்குலா!"

முத்தையாவின் குடை

நூல் வந்தது. ஆனால் டின்னில் இருப்பது உள்ளங்கை அகலத் துண்டுகள். இதை வைத்து மனுஷிக்கு என்ன தைப்பது? நேர்நேராக ஒட்டிப் பார்த்தேன். தலையணை உறை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன், அதே கதை.

அந்த வாரம் முத்தையா காற்றில் ஒடிந்த தன் குடையைக் கொண்டுவந்து, "கம்பிய நீங்க வச்சுக்குங்க, துணியில எனக்கு ஒரு கோவணமாச்சும் தைங்க" என்றார். குடையைப் பிரித்தேன். எட்டு முக்கோணம். எட்டும் உச்சியில் குறுகல், அடியில் அகலம். தரையில் பரப்பிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உச்சியை வெட்டிவிட்டு அந்த வட்டத்தை இடுப்பில் வைத்தால்? பாவாடை! துண்டுகளை ஒட்டி எட்டு முக்கோணமாக்கினால் போதும், இடுப்பில் துணி வீணாகாது, அடியில் நடக்கத் தாராளமாக விரியும். குதித்தே விட்டேன். அன்றைக்கே டின் பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். முத்தையா எட்டிப் பார்த்தார். அவருடைய கல்யாண ஜிப்பாத் துண்டு மேலாகவே கிடந்தது. அவர் பார்வை அதில் கொஞ்ச நேரம் நின்றது.

"எனக்குக் கோவணம் அவசரமில்லண்ணே. நீங்க மொதல்ல இதை முடிங்க."

கறுப்புச் சாயம்

பாவாடை முடிந்தது. மீதித் துண்டில் இடுப்பை மூடும் நீளத்துக்கு ஒரு சட்டையும் முடிந்தது. எடுத்து மாட்டி வைத்துப் பார்த்தேன். ஐயோ, என்ன அழகு! பூவும் கோடும் கட்டமும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை. பத்து வருஷம் டின்னுக்குள் தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்றாக நின்றது. அடுத்த நிமிஷமே ஓடிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். குருண் வட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கிராணி வீட்டம்மா மட்டும் பதினோரு இடத்தில் இருந்தார். பெரட்டில் நான்கு பேர் பார்த்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

யோசித்தேன். மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்து, துணியை அதில் முக்கி எடுத்தால் கறுப்பாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாயம் நிற்பதற்குப் படிகாரம் போடவேண்டுமாம். அந்தக் காலத்தில் படிகாரத்துக்கு எங்கே போவேன்? போடாமலே முக்கினேன். எல்லாம் ஒரே கறுப்பாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. காமாட்சி அதைக் காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சீங்க. அதையும் இப்படி மூஞ்சியில கரியைப் பூசியா அனுப்பணும்?"

பெரட்டில் மழை

அடுத்த திங்கட்கிழமை பாக்கியம் பெரட்டில் நின்று, தன் பேரைத் தானே சொன்னாளாம். அஞ்சலையக்கா பக்கத்தில் நின்று அழுதாளாம். கிராணி பேரை எழுதி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்ததாம். ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். பாக்கியம் மட்டும் ஓடவில்லை. மூன்று மாதம் கழித்து மழையைப் பார்க்கிறவள், நின்று நனைந்திருக்கிறாள். அவள் காலடியில் கறுப்புத் தண்ணீர் ஓட ஓட, பாவாடையில் பூ வந்தது, கோடு வந்தது, கட்டம் வந்தது. கிராணி வீட்டு வராந்தாவிலிருந்து அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் கடை வாசலில் ஒரு பட்டாளம். நடுவில் கிராணி வீட்டம்மா, பக்கத்தில் அந்தப் பாவாடையோடு பாக்கியம், பின்னால் நான்கைந்து பெண்கள். பாக்கியம் அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டி வந்துவிடுமோ, மறுபடி சாக்குக்குள் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம். "அடிக்கிறதுன்னா என்னை அடிங்கம்மா, அந்தப் புள்ள உடுப்புல கை வைக்காதீங்க" என்று உளறினேன். அந்த அம்மா பாவாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஊதாப் பூவைத் தடவினார். "இது என் தலைத் தீபாவளி ரவிக்கை" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. மற்றப் பெண்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். "இது எங்க சின்னவளோட கவுன்!" என்று ஒருத்தி கூவினாள். பாக்கியம் நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

பிறகு அந்த அம்மா கக்கத்தில் வைத்திருந்த மூட்டையை மெஷின் மேல் போட்டார். உள்ளே கிழிந்த ஜன்னல் திரை, ஓட்டைக் கொசுவலை, ஒரு பழைய வேட்டி. "இது அஞ்சலைக்கு. அப்புறம் இன்னும் மூணு வீட்டுல கதவு சாத்தியே கிடக்கு, அவங்களுக்கும்" என்றார். ஸ்டூலை இழுத்து என் கத்தரிக்கோலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஏழு வருஷமா எனக்குப் பத்தல பத்தலன்னீங்களே டெய்லரே, இப்ப நாலு வீட்டுக்குப் பத்துமா பத்தாதா, சொல்லுங்க?"

ஜப்பான்காரன் போய், கடைத்தெருவில் துணி மலைமலையாக வந்து இறங்கிய பிறகும், குருண் வட்டாரத்தில் ஒரு பெண்பிள்ளையிடமும் அந்த இரண்டாவது பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் முதல் பொய்யை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.