சந்தனப் பொட்டு வைத்த ஃபிளாப்பி

ராஜபாளையத்தில் என் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தால் கண்ணாடி அலமாரியில் முதலில் தெரிவது ஒரு பழைய ஃபிளாப்பிதான். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் அடித்ததைப் பதிந்துவைக்கிற, உள்ளங்கையைவிடப் பெரிய, வளைகிற கறுப்புச் சதுரம். உள்ளே இருக்கும் தட்டு தெரிகிற திறப்பின் மேல் ஒரு சந்தனப் பொட்டு. லேபிளில் இன்னொரு பொட்டு, அதன் மேலேயே ஏறி ஓடும் பச்சை மைக் கையெழுத்து. இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "ஒரு பெரிய மனுசரோட ஞாபகார்த்தம்" என்பேன். அந்தப் பெரிய மனிதர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் எங்கள் அதிகாரி. அந்தப் பெருமை அவருக்கே இருக்கட்டும். ஆனால் வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்களின் நிலக் கணக்கை மாதக்கணக்கில் அதில் அடித்து, ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பிகளில் ஏற்றியது நான். எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு பெட்டியில் பூட்டியும் வைத்தேன். வேலை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் அதை நம்பித்தான் இருந்தோம்.

அந்த வருட ஆயுத பூசைக்கு இரண்டு பெட்டிகளையும் திறக்கச் சொன்னார். ஒன்றுகூட விடாமல் உறையிலிருந்து உருவித் தாம்பாளத்தில் அடுக்கி, சந்தனத்தைக் குழைத்துத் தன் கையாலேயே பொட்டு வைத்தார். "சார், அந்தத் திறப்புல மட்டும் படக் கூடாது சார்" என்றேன். "சரஸ்வதிக்கே நீ பாடம் எடுக்கிறியாம்மா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதைக் கண்டாலும் பச்சை மையில் கையெழுத்துப் போடாமல் அவருக்குக் கை அடங்காது. லேபிள்களிலும் பொட்டின் மேலேயே போட்டுத் தள்ளினார்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஒரு ஃபிளாப்பியைக்கூடக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம், "டைப்பிஸ்ட் பொண்ணு பக்தியில பூசிட்டா" என்று அவர் கூசாமல் சொன்னார். அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பியூன் அண்ணன் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "அவிய வச்சத நான் பாத்தேன் தங்கச்சி. சொன்னா எம் பொழப்பு போயிரும்" என்று சொல்லி, குப்பையில் போடக் கொடுத்தவற்றிலிருந்து ஒன்றை என் கையில் திணித்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் சென்னைக்குப் போனார். கணினிமயம், புதுமை என்று எந்தக் குழு அமைத்தாலும் அதில் இடம்பிடித்தார். ஏறிய மேடையிலெல்லாம் சந்தனம் பூசிய பெண்ணின் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "அந்தப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த சென்டரைத் தொடங்கியபோது திறந்துவைக்க அவரைத்தான் அழைத்தேன். என் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் பச்சை மையில் கையெழுத்திட்டார். மேடையில் அதே கதையைச் சொன்னார், கூட்டம் சிரித்தது. நன்றியுரைக்கு நான் எழுந்து, "அந்தப் பிள்ள நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றது. ஃபிளாப்பியையும் பதிவேட்டையும் முன்வரிசை அதிகாரிகளிடம் நீட்டி, "பொட்டு மேல யாரு கையெழுத்து இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றேன். அவை கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போய் வந்தன. அவர் தண்ணீர் குடித்த சத்தம் மைக்கில் கேட்டது. அன்று எல்லோருக்கும் கொடுத்த பால்கோவாவில் நானும் ஒரு வாய் தின்றேன். அப்படியொரு இனிப்பை நான் அதுவரை தின்றதில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் அந்தக் கதையைச் சொல்லவில்லையாம். போன மாதம் அவருடைய மகன் வந்தார். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு. அதை அலமாரியிலருந்து எடுத்துடுங்களேன்" என்றார்.

"எடுத்துருதேன். அவிய இங்க வந்து, எம் பேரச் சொல்லி, பொட்டு வச்சது நாந்தான்னு ஒரு வாட்டி சொல்லட்டும்" என்றேன்.

இன்னும் வரவில்லை. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியை நானே துடைக்கிறேன், பொட்டு வாசலிலிருந்தே தெரியும்படி.