மூன்று மணிப் பேருந்து

மருத்துவமனையின் துவைப்புப் பிரிவில் எல்லோரும் அவளை ரூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. கறை படிந்த விரிப்புகளைத் தனியே பிரித்துப் போடுவதும், வெந்து வந்தவற்றை உதறி மடிப்பதும் இருபத்திரண்டு வருட வேலை. ப்ளீச்சிங் பவுடர் பட்டுப்பட்டு விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும். ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. ஆனால் எந்த ரயில் எந்த ஜங்ஷனில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யார் கேட்டாலும், மடிப்பதை நிறுத்தாமல் பதில் சொல்லிவிடுவாள்; அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

அவள் போக ஆசைப்பட்டது நாட்டின் வடமேற்கு மூலைக்கு. மூடிப்போன சுரங்கங்கள், ஆள் குறைந்துபோன நான்கு ஊர்கள், அவற்றுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரு ஏரி. யாரோ ஒரு நோயாளி விட்டுப்போன பத்திரிகையில் அந்த ஏரியைப் பார்த்திருந்தாள். கூட்டம் போகிற இடத்துக்குத் தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள். யாருமே போகாத இடத்தில் பார்க்க யார் இருக்கிறார்கள்?

மூன்று வருடம் திட்டம் போட்டாள். பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதியில் சல்லிசாக அறை தருகிறார்கள் என்று சாப்பாட்டு இடைவேளையில் போன் போட்டுப் போட்டே கண்டுபிடித்தாள். அங்கிருந்த பேருந்து டிப்போவின் டைம்கீப்பருக்கு அவள் குரல் பழகிவிட்டது.

"என்னம்மா, எப்பத்தான் வரப்போறீங்க?" என்பார். "நீங்க வந்தா ஏரிய நானே காட்டறேன். இங்க வர்றேன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

ஒன்பது நாள் பயணம், ஒரு மாதச் சம்பளத்துக்குள். எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஏரி தெரியும் என்பதுவரை நோட்டில் எழுதினாள். ஒரு ஆளுக்கு டிக்கெட் போட்டாள். லீவும் கிடைத்தது.

வீட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மா, செல்போன் கடையில் வேலை பார்க்கும் தம்பி, தம்பி மனைவி. விஷயத்தைச் சொன்னதும் தம்பி மனைவி முதலில் சிரித்தாள்.

"ஒம்போது நாள் அத்தைய யாரு பாக்கறது அண்ணி? பெட்பேன் வெக்கல்லாம் எனக்குக் கை வராது. நேராவே சொல்லிடறேன்."

"தனியா போயி என்னக்கா பண்ணுவ?" என்றான் தம்பி. "முட்டி வலிக்குதுன்னு வேற சொல்ற."

கட்டிலிலிருந்து அம்மா சொன்னாள்: "புருஷன் பொண்டாட்டி போனா ஒரு அர்த்தம் இருக்கு. இவ போயி யாருக்குக் காட்டப் போறா?"

நோட்டு கை மாறியது. தம்பி மனைவி புரட்டிப் பார்த்தாள். "நல்லா போட்டிருக்காங்க. நாம போலாமாங்க? அண்ணிக்குத்தான் லீவு கெடச்சிருச்சே, அத்தையப் பாத்துக்குவாங்க."

ரூட்டக்கா வாயைத் திறக்குமுன் எல்லாம் முடிவாகிவிட்டது. அவள் டிக்கெட்டை ரத்து செய்து தம்பி இரண்டு பேருக்குப் போட்டான். பயணத்துக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த நீலப் பையையும், "சும்மாதான கெடக்கு அண்ணி" என்று எடுத்துக்கொண்டார்கள்.

தினமும் போன் வந்தது. அடுத்த பஸ் எது, டீ எங்கே கிடைக்கும், விடுதிச் சாவி யாரிடம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நாலாம் நாள் ஒரு படம் வந்தது. படம் முழுக்கத் தம்பி மனைவியின் முகம்.

"ஏரி எங்கம்மா?"

"என் பின்னாடி இருக்கு பாருங்க அண்ணி, காது பக்கத்துல."

ஆறாம் நாள், திங்கட்கிழமை. அம்மாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். கடைக்கோடிச் சுரங்க ஊரிலிருந்தான். "கடைசி பஸ் எத்தன மணிக்குக்கா? நோட்டுல இல்லையே."

திங்கட்கிழமை மட்டும் மூன்று மணிக்கே எடுத்துவிடுவார்கள் என்று டைம்கீப்பர் அழுத்திச் சொல்லியிருந்தார். மறக்கமாட்டோம் என்று அவள் அதை எழுதவில்லை.

"அஞ்சரை," என்றாள். "நிதானமா சுத்திப் பாருங்க."

அப்போது மணி ஒன்று. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல இரண்டு மணி நேரம் இருந்தது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். மூன்று மணிக்குச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, பேருந்து கிளம்புவதை மனதில் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விடுதி இருப்பது வேறு ஊரில், அந்தக் கடைக்கோடியில் தங்க இடமில்லை, குளிர் எலும்பைத் தொடும், எல்லாம் அவளுக்குத் தெரியும். பொழுது சாயும்போதுதான் போனை எடுத்தாள். தம்பிக்குப் போட்டாள், சிக்னல் இல்லை. டிப்போவுக்குப் போட்டாள், யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி மனைவி கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு குதூகலம்.

"நீங்க சொன்ன பஸ்ஸே இல்ல அண்ணி. ரோட்டுல நடுங்கிட்டு நின்னோம். வெளியூர்க்காரங்க ரெண்டு பேர் நிக்கறாங்கன்னு யாரோ சொல்லி, டைம்கீப்பர் வண்டி எடுத்துட்டு வந்துட்டாரு. வந்ததும், 'போன் பண்ற அம்மா நீங்கதான?'ன்னாரு. நான் ஆமான்னுட்டேன். அந்தக் குளிருல நின்னு விளக்கமா சொல்ல முடியுமா?"

"கொரல் தெரியுமே அவருக்கு."

"தொண்ட கட்டியிருக்குன்னு சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டாங்க, கம்பளி குடுத்தாங்க. விடிஞ்சதும் படகுல ஏரி முழுக்க சுத்திக் காட்டினாரு. உங்களுக்குன்னு எடுத்து வெச்ச பச்சக் கல்லுகூட எங்கிட்டதான் இருக்கு. நெக்லஸ்ல பதிக்கலாம்னு இருக்கேன். இந்த ட்ரிப்லயே இதான் அண்ணி சூப்பர்."

திரும்பி வந்தபிறகு தம்பி மனைவி வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். தொண்டை கட்டிய இடம் வரும்போது அம்மாவும் கட்டிலில் படுத்தபடி சிரித்தாள்.

ஒரு மாதம் பொறுத்து, சாப்பாட்டு இடைவேளையில், கொதிகலன் அறைக்குப் பின்னால் நின்று ரூட்டக்கா டிப்போவுக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போட்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் டைம்கீப்பர். "தொண்ட சரியாயிடுச்சு போலயே. வீட்டுக்காரர் சௌக்கியமா?"

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். சொன்னால், அஞ்சரை என்று சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"சௌக்கியம்," என்றாள்.

"ஏரிய ஆசதீரப் பாத்தாச்சு. இனி இங்க உங்களுக்குப் பாக்க ஒண்ணும் பாக்கி இல்ல. வேற ஊருங்களப் பாருங்க. டிப்போவ வேற அடுத்த மாசம் மூடறாங்க."

"சரிங்க," என்று போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மேசையின் மறுமுனையில் ஒருத்தி விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி காத்திருந்தாள்.